வெயிலில் வேலை, கையில் போன்: பேட்டரி நெடுநாள் உழைக்க

காரைக்குடியில் போன் இல்லாமல் நடக்கிற வேலைகளை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பார்சல் கொண்டுபோகிறவருக்கு வழி காட்டுவதும் பணம் வாங்குவதும் அதுதான். ஆத்தங்குடிக் கல் கேட்டு வருகிற ஆர்டர் வாட்ஸ்அப் படமாக வருகிறது. கண்டாங்கிச் சேலையை வீடியோ காலில் விரித்துக் காட்டி விற்கிறார்கள். கானாடுகாத்தானில் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போகும் வழிகாட்டிக்கு அடுத்த வாடிக்கையாளர் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்பதே போன் சொல்லித்தான் தெரியும். நூறு நாள் வேலைத் தளங்களில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவைச் செயலி வழியேதான் செய்ய வேண்டும் என்றானது. நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். பணித்தளப் பொறுப்பாளரின் போன் மதியத்தில் அணைந்தால், வெயிலில் மண் வெட்டிய அத்தனை பேரின் கூலியும் சிக்கலில் மாட்டும்.

ஆகவே பேட்டரியைப் பராமரிப்பதை, தையல்காரர் மிஷினுக்கு எண்ணெய் விடுவதைப் போல வேலையின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தெரிய வேண்டியது அதிகமில்லை. பேட்டரியைக் கெடுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று சூடு. மற்றது, நெடுநேரம் முழுச் சார்ஜிலேயே இருப்பது. இரண்டும் ஒன்றாகச் சேரும் நேரங்களை உங்கள் வேலை நாளிலிருந்து நீக்கிவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது.

இதை விளக்கக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை என்பேன். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாம் வாய்வழக்கில் ‘சிக்ரி’ என்று சொல்வது, இங்கேதான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அரிப்பு, மின்முலாம், பேட்டரி என்று அன்றிலிருந்து நடந்துவரும் ஆராய்ச்சியின் ஒரு கிளை இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரியைத் தொடுகிறது. இங்கே கோபுகுமார் தலைமையிலான குழு, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத் ஆய்வகங்களோடு சேர்ந்து லித்தியம் அயனி செல்களை உள்நாட்டிலேயே செய்யும் நுட்பத்தை உருவாக்கியது. அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக 2018 ஜூனில் ராசி சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தமும் கையெழுத்தானது. காலேஜ் ரோட்டில் அந்த மதிலைத் தாண்டித் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

உள்ளே நடப்பது என்ன

பேட்டரிக்குள் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கம் கிராஃபைட். எதிர்ப்பக்கம் பெரும்பாலான போன்களில் கோபால்ட் கலந்த ஆக்சைடு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடிலிருந்து கிளம்பி, நடுவில் உள்ள திரவத்தின் வழியே வந்து கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைந்துகொள்கின்றன. போனைப் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்புகின்றன. 1991-இல் சோனி நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

முதல் தடவை சார்ஜ் ஏறும்போதே கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் படிகிறது. அது தேவையான படலம்தான். அது இல்லாவிட்டால் திரவம் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கும். ஆனால் படலம் மெதுவாக வளர்ந்துகொண்டே போகிறது. அது வளர வளர, ஓடியாட வேண்டிய லித்தியத்தில் கொஞ்சம் அதற்குள்ளேயே சிக்கி நின்றுவிடுகிறது. சூடு ஏறினால் இந்த வளர்ச்சி வேகமெடுக்கும். முழுச் சார்ஜில் அழுத்தம், அதாவது வோல்ட்டேஜ், உச்சத்தில் நிற்பதால் எதிர்ப்பக்கத்திலும் திரவம் சிதையத் தொடங்கும். “புதுசா வாங்கினப்ப ராத்திரி வரைக்கும் வந்துச்சு, இப்ப சார்ஜே நிக்க மாட்டேங்குது” என்று கடையில் சொல்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான். பயன்படுத்தாமல் மேசை மேல் கிடந்தாலும் இது நடக்கும்.

எவ்வளவு நடக்கும் என்பதற்குப் பேட்டரித் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. பேட்டரியை 25 டிகிரியில், 40 சதவீதச் சார்ஜில் ஒரு வருடம் வைத்திருந்தால் அதன் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழுச் சார்ஜில் வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரியாகி, சார்ஜ் 40 சதவீதமாக இருந்தால் 85. 40 டிகிரி வெப்பமும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் 65. இந்த நான்கு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லா அறிவுரையும் இவற்றுக்குள் அடங்கிவிடும். போன் நிறுவனங்கள் தங்கள் கருவி வேலை செய்ய ஏற்றது என்று சொல்லும் வெளி வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. சிவகங்கை மாவட்டத்துக் கோடையில் நிழலே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது.

போன் எங்கே இருக்கிறது

செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு ரிப்பேர் கடை மேசையில் பார்த்தது. டெலிவரி வேலை செய்கிற இளைஞர் ஒருவர் போனைக் கொடுத்தார். பின்மூடி ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. திரையின் விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி. கவர் மஞ்சளாகி, நான்கு மூலைகளிலும் அழுத்திய தடம். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. “பைக் ஹேண்டில்ல மாட்டி, சார்ஜரும் சொருகித்தானே தம்பி ஓட்டுறீங்க?” என்று கேட்டார். “ஆமாண்ணே, மேப் பாக்கணும்ல. இல்லன்னா மதியத்துக்கே ஆஃப் ஆயிடும்.” “அதான் உப்பிருச்சு.”

அந்த இளைஞர் செய்ததில் பேட்டரிக்கு ஆகாத அத்தனையும் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன. நேர் வெயில் திரையில் விழுகிறது. வெயிலில் எழுத்து தெரிய வேண்டும் என்பதால் வெளிச்சம் முழு அளவில் எரிகிறது. மேப்புக்காக ஜிபிஎஸ்ஸும் டேட்டாவும் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. போதாததற்கு, பைக்கிலிருந்து சார்ஜ் ஏறி 100-இலேயே நிற்கிறது. 40 டிகிரியும் முழுச் சார்ஜும் என்று மேலே சொன்ன கணக்கைவிட இது மோசம். வெயிலில் கிடக்கும் போனின் சூடு காற்றின் சூட்டைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும்.

அவர் என்ன செய்திருக்கலாம்? கிளம்பும் முன் வழியை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டு, திரையை அணைத்துச் சட்டைப் பையில் போட்டு, குரல் வழிகாட்டலை ஸ்பீக்கரில் கேட்டபடி போகலாம். ஒரு நாளைக்குப் பத்துத் தெருவுக்குள் சுற்றும் வேலைக்கு இது தாராளமாகப் போதும். புது ஊர், புது வழி என்று ஹேண்டிலில் மாட்டியே ஆக வேண்டுமென்றால் தொப்பி விளிம்பு போல மேலே நிழல் விழும் ஸ்டாண்டு வாங்குங்கள். அப்போது சார்ஜர் மட்டும் சொருகாதீர்கள். சார்ஜ் என்பது வண்டியை நிறுத்தி, நிழலில், டீ குடிக்கிற பத்து நிமிடத்தில் நடக்கட்டும். ஹேண்டில் அதிர்வு போன் கேமராவையும் கெடுக்கும் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. பெட்டியைப் படம் எடுத்துக் காட்டித்தான் டெலிவரி முடிகிற வேலையில் அதுவும் பெரிய விஷயம்.

வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு, ஆட்டோவின் முன் கண்ணாடிக்குக் கீழ், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டி ஆகிய மூன்றும் போனுக்கு அடுப்பு. வேலைத் தளத்தில் படம் எடுத்து முடித்ததும் போனைச் சாப்பாட்டுப் பையின் உள்ளே, துணி சுற்றி, மரத்தடியில் வையுங்கள். ரொம்பச் சூடாகிவிட்டதென்றால் கவரைக் கழற்றி, திரையை அணைத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். ஃபிரிட்ஜுக்குள் வைக்கவே கூடாது. உள்ளே ஈரம் கோத்துக்கொண்டு பேட்டரியோடு போர்டும் போய்விடும்.

செட்டிநாட்டு வீடு வெயிலுக்காகவே கட்டியது. தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, வளவுக்கு நடுவே வானம், காலுக்குக் குளிர்ந்த ஆத்தங்குடித் தளம். அந்த வீடுகளைத் தங்கும் விடுதியாகவும் சுற்றுலாவுக்கும் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது சூட்டைவிட வேறொன்று. அந்தத் தடித்த சுவருக்குள் சிக்னல் மெலிந்துவிடும். டவரைப் பிடிக்கப் போன் முழுச் சக்தியோடு போராடும். யாரும் தொடாமலேயே பேட்டரி இறங்கும். வைஃபை இருந்தால் ‘வைஃபை காலிங்’ வசதியைப் போட்டுவிடுங்கள். 5ஜி வந்து வந்து போகிற இடத்தில் 4ஜிக்கு மாற்றி வையுங்கள். சார்ஜ் போடும் இடத்தை உள்ளறையிலிருந்து முகப்புப் பக்கம் நகர்த்துவதுகூட உதவும்.

எப்போது, எவ்வளவு சார்ஜ்

‘சைக்கிள்’ என்ற சொல்லைக் கடைக்காரர்கள் சொல்வார்கள். நூறு சதவீத அளவு சார்ஜைப் பயன்படுத்தி முடித்தால் ஒரு சைக்கிள். இன்று பாதி, நாளை பாதி என்றால் இரண்டு நாளும் சேர்ந்து ஒன்று. பிளக்கைச் சொருகும் தடவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆகவே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் போட்டால் பேட்டரி போய்விடும் என்ற பயம் வேண்டாம். 30-க்கும் 80-க்கும் நடுவே ஏறி இறங்குவதுதான் அதற்குச் சுகம். முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும், புதுப் போனை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பேச்சு.

இதில் வோல்ட்டேஜின் பங்கு பெரியது. ஒரு செல்லை 4.2 வோல்ட் வரை ஏற்றிப் பயன்படுத்தினால் 300 முதல் 500 சைக்கிள் வரும் என்று வைத்துக்கொண்டால், 4.1 வோல்ட்டில் நிறுத்தினால் 600 முதல் 1000 வரை வரும் என்பது துறையில் சொல்லப்படும் கணக்கு. நீங்கள் வோல்ட் பார்க்க வேண்டியதில்லை. போனின் செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதிக்குப் போனால் போதும். ஐபோன் 15 முதலான மாடல்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. சாம்சங்கில் ‘பேட்டரி புரொடெக்‌ஷன்’ என்று தேடுங்கள். பிற ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் வேறு வேறு பெயரில் இதே வசதி உண்டு.

“80-இல் நிறுத்தினால் நாள் முழுக்க எப்படி வரும்?” நியாயமான கேள்வி. மேசையும் பிளக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வேலை என்றால், அதாவது வங்கி, கடை, அலுவலகம், பள்ளி என்றால், தயங்காமல் 80-ஐப் போட்டுவிடுங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஆறுக்குத்தான் பிளக்கைப் பார்ப்பேன் என்கிறவர் 100 வரை ஏற்றித்தான் ஆக வேண்டும், தப்பில்லை. 100-ஐத் தொடுவதால் கேடு சொற்பம். அங்கேயே எட்டு மணி நேரம் கிடப்பதுதான் கேடு. இரவு பத்துக்குச் சொருகி, பதினொன்றரைக்கு நிறைந்து, விடியும் வரை தலையணைக்கு அடியில் சூட்டோடு கிடப்பதைத்தான் மாற்ற வேண்டும். படுக்கும் முன் கழற்றிவிட்டு, எழுந்ததும் சொருகி, குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பும் நேரத்துக்குள் நிறையட்டும். இரவில்தான் முடியும் என்றால் வேகச் சார்ஜை அணைத்துவிட்டு, போனைத் தரையிலோ மேசையிலோ வைத்துப் போடுங்கள். விழிக்கும் நேரத்தைக் கற்றுக்கொண்டு கடைசிக் கொஞ்சத்தை விடியலில் ஏற்றும் வசதி உங்கள் போனில் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

சார்ஜ் ஏறும்போது வீடியோ கால், ஹாட்ஸ்பாட், கேம் மூன்றும் வேண்டாம். அடிமட்டத்தில், 15-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் நல்லது. தீர்ந்து அணைந்த போனை வாரக்கணக்கில் டிராயரில் போட்டுவைப்பது பேட்டரியைக் கொல்லும். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய இரண்டாவது போனை ஆச்சி பீரோவில் பத்திரப்படுத்துகிறார் என்றால், பாதிச் சார்ஜில் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதிக்கு ஏற்றிவிட்டால் போதும்.

பவர் பேங்க், சார்ஜர்

பத்தாயிரம் எம்ஏஎச் என்று எழுதிய பவர் பேங்க், ஐயாயிரம் எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். அந்தப் பத்தாயிரம் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் அளவு. 5 வோல்ட்டாக மாற்றி வெளியே தரும்போது ஏறத்தாழ ஆறாயிரமும் சொச்சமும்தான் கைக்கு வரும். பெட்டியில் சிறிய எழுத்தில் 5 வோல்ட்டுக்கான அளவு தனியாக இருக்கும்; விலை பேசும் முன் அதைப் படியுங்கள். சார்ஜரிலும் பவர் பேங்கிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நூறு ரூபாய்க்குக் கிடைப்பதில் அது இருக்காது. இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பின் தளர்ந்து ஆடும் கேபிளை அன்றே மாற்றுங்கள்; அந்த ஆட்டத்தில் பிறக்கும் சூடு போனின் வாயையே கருக்கிவிடும்.

வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். சொந்தப் போனில் கம்பெனியின் செயலியை ஓட்டச் சொல்கிறீர்கள். அந்தப் பேட்டரி உங்களுக்காகத்தான் தேய்கிறது. நிழலில் நான்கு பிளக் உள்ள ஒரு பலகை, சாப்பாட்டு நேரத்தில் அரை மணி, வருடத்துக்கு ஒரு பேட்டரி மாற்றும் செலவு ஆகியவற்றை ஏற்பது பெரிய சுமையில்லை. வேலையில் சேரும்போதே இதைக் கேளுங்கள் என்று இளைஞர்களுக்குச் சொல்வேன். பெட்ரோல் படி கேட்பதற்குக் கூசாத நாம் இதற்குக் கூச வேண்டியதில்லை.

மாற்ற வேண்டிய நேரம்

ஐபோனில் பேட்டரி ஹெல்த் பக்கத்தில் சதவீதமாகவே காட்டும். சாம்சங்கில் ‘சாம்சங் மெம்பர்ஸ்’ செயலியில் சோதிக்கலாம். 80-க்குக் கீழே போய், 30 சதவீதம் காட்டிக்கொண்டே திடீரென்று போன் அணைகிறது என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. புதுப் போன் வாங்க அவசரப்படாதீர்கள். சில போன்களில் பேட்டரியை மாற்றினாலே பழைய வேகமும் திரும்பும். தேய்ந்த பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது நினைவிருக்கலாம்.

புதிது வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு வழி சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி, 800 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். எத்தனை சைக்கிள் தாங்கும் என்பதை லேபிளிலேயே அச்சிட வேண்டும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாடல் அங்கேயும் விற்கிறதென்றால் அந்த லேபிளை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இந்தியாவுக்கு வரும்போது பேட்டரியை மாற்றுகிற நிறுவனங்களும் உண்டு. எம்ஏஎச் அளவு இரண்டு இடத்திலும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். நாளுக்கு ஒன்றரை சைக்கிள் தீர்க்கும் டெலிவரிக்காரருக்கு 800 என்பது ஒன்றரை வருடம்தான். அவருக்கு 1000-க்கும் 1400-க்கும் உள்ள வித்தியாசம் கேமராவின் மெகாபிக்சலைவிட முக்கியம்.

உப்பிய பேட்டரியை மட்டும் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. அமுக்கிச் சமன்படுத்தப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவது, இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்று சார்ஜ் போடுவது எல்லாமே தீயை அழைப்பது. அணைத்து, வெறும் தரையில், எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைத்து, அன்றே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் அங்கேயே பற்றிக்கொள்ளும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கூச்சமில்லாமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பேட்டரி வேலையையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற பிளஸ் டூ மாணவர் யாராவது இருந்தால்: சிக்ரியிலேயே வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிப்பு அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது, சேர்க்கை பொறியியல் கலந்தாய்வு வழியே. பிளஸ் டூவில் வேதியியலை ஒதுக்கிவிடாமல் படியுங்கள். கடையில் போன் ரிப்பேர் பார்க்கிறவர்களுக்கு ஏற்ற குறுகிய காலத் திறன் பயிற்சி ஏதும் அங்கே நடக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். உள்ளூர்க்காரருக்கு அது ஒரு டவுன் பஸ் தூரம்தான்.